இருபடிச் சமன்பாட்டின் இரண்டாவது விடை

தெரியாத ஓர் எண்ணும், அதை அதனாலேயே பெருக்கக் கிடைக்கும் வர்க்கமும், தெரிந்த எண்கள் சிலவும் சேர்ந்து அமையும் சமன்பாட்டை இருபடிச் சமன்பாடு என்பர். வர்க்கத்தையும் தெரியாத எண்ணையும் பெருக்கி நிற்கும் எண்கள் கெழுக்கள் எனவும், தனித்து நிற்கும் எண் மாறிலி எனவும் வழங்கும். பத்தாம் வகுப்பு மாணவர் இம்மூன்றையும் ஒரே சூத்திரத்தில் இட்டு இரண்டு விடைகளைப் பெறுகிறார். அவற்றுள் ஒன்று குறை எண்ணாக, அதாவது சுழியைவிடச் சிறியதாக வந்தாலும் அவருக்கு வியப்பு எழுவதில்லை. இச்சூத்திரத்துக்குள் இருக்கும் கணக்கீடு மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது. ஆனால் சூத்திரம் ஒன்றே ஒன்றாகச் சுருங்குவதற்குக் குறை எண்ணையும் எண்ணாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. காலத்தின் பெரும்பகுதி அந்த ஒப்புதலுக்கே செலவாயிற்று.

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 13901 என்ற எண்ணிட்ட களிமண் பலகை ஒன்று உள்ளது. கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்ட பாபிலோனியாவில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அப்பலகையின் முதற்கணக்கு, ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருமாயின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறது. தீர்க்கும் வழியையும் பலகையே தருகிறது: பக்கத்தின் கெழுவாகிய ஒன்றைப் பாதியாக்கி அரையைப் பெற்று, அதன் வர்க்கமாகிய காலை முக்காலோடு கூட்டி ஒன்றாக்கி, அதன் வர்க்கமூலமாகிய ஒன்றிலிருந்து முன்பு பெற்ற அரையைக் கழித்தால் விடை அரை. குறைபட்ட வர்க்கத்தை நிறைவாக்கும் இவ்வழியைத்தான் இன்றைய பாடநூல்கள் வர்க்கப் பூர்த்தி முறை என்கின்றன. பாபிலோனிய எழுத்தர் இதை இயற்கணிதக் குறியீடுகளில் சிந்திக்கவில்லை என்றும், சதுரத்தை ஒட்டிய செவ்வகத் துண்டை இரண்டாக வெட்டி நகர்த்தி, விடுபட்ட மூலையை நிரப்பும் வடிவ வேலையாகவே கண்டனர் என்றும் யென்ஸ் ஹோய்ரூப் என்ற டென்மார்க் அறிஞர் காட்டியுள்ளார். இக்கணக்குக்குக் குறை ஒன்றரை என்ற மற்றொரு விடையும் உண்டு. பக்கம் என்பது நீளமாக இருக்கும்வரை அதைத் தேட எவருக்கும் காரணம் இருந்திருக்க முடியாது.

இந்தியாவில் இக்கணக்கு வட்டிக் கணக்குகளிலும் இடம் பெற்றது. கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், முதலுக்குக் கிடைத்த வட்டியை மீண்டும் வட்டிக்கு விட்டு, இரண்டும் சேர்ந்த தொகை தெரிந்தால் முதல் வட்டியைக் காண்பதற்கு ஒரு விதி உள்ளது. 629இல் அந்நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் எடுத்துக்காட்டில், 100க்கு ஒரு மாதத்தில் கிடைத்த வட்டி அதே வீதத்தில் நான்கு மாதம் விடப்பட்டு 6 ஆகிறது. தொகை, காலம், முதல் ஆகியவற்றின் பெருக்கமான 2,400உடன் முதலின் பாதியின் வர்க்கமான 2,500ஐக் கூட்டினால் 4,900; அதன் மூலமான 70இலிருந்து 50ஐக் கழித்து நான்கால் வகுத்தால் மாத வட்டி 5. கடன் கொடுத்தவர் வேண்டுவது இந்த ஒரு விடையைத்தான்.

ஆனால் வட்டி இருக்கும் இடத்தில் கடனும் இருக்கும். இன்றைய ராஜஸ்தானின் பின்மால் நகரோடு தொடர்புடைய பிரம்மகுப்தர், 628இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தின் பதினெட்டாம் இயலில், மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் வகுத்து, சுழியோடு சேர்த்து அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் செய்தார். இரு கடன்களின் பெருக்கம் தனமாகும் என்பது அவற்றுள் ஒன்று. கெழுக்கள் கடனாகவும் இருக்கலாம் என்றானதும், இருபடிச் சமன்பாடுகளை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொல்லும் தேவை நீங்கியது. இக்கதையின் மிகப் பெரிய அடி இதுவே எனக் கருதலாம். எனினும் பாடநூல்களில் புகழ் பெறுவது இருபடிச் சமன்பாட்டுக்கு அவர் தந்த சூத்திரமே அன்றி, அதைச் சாத்தியமாக்கிய கடன் விதிகள் அல்ல.

அவருக்குப் பின்வந்த ஸ்ரீதரர் கணக்கீட்டில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். சமன்பாட்டின் இருபுறத்தையும் வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி, பின் தெரியாத எண்ணின் பழைய கெழுவை வர்க்கமாக்கி இருபுறமும் கூட்ட வேண்டும் என்பது அவர் விதி. ஓர் எண்ணின் வர்க்கத்தில் இரு மடங்கும் அவ்வெண்ணின் ஐந்து மடங்கும் சேர்ந்து 3 ஆகிறது எனில், 8ஆல் பெருக்கி 25ஐக் கூட்ட, வலப்புறம் 49 ஆகிறது. இடப்புறம், அவ்வெண்ணின் நான்கு மடங்கோடு 5 சேர்ந்ததன் முழு வர்க்கமாகிறது. மூலம் 7 என்றால் விடை அரை. குறை 7 என்றால் விடை குறை 3. ஐந்தைப் பாதியாக்கும்போது வரும் பின்னத் தொல்லை இடையில் எங்கும் தலைகாட்டுவதில்லை. ஸ்ரீதரரின் இயற்கணித நூல் கிடைக்கவில்லை. இரண்டாம் பாஸ்கரர் எடுத்தாண்டதால்தான் இவ்விதி பிழைத்தது, இந்தியாவின் சில பகுதிகளில் சூத்திரம் இன்றும் ஸ்ரீதராச்சாரியர் பெயராலேயே வழங்குகிறது.

1114இல் பிறந்த அந்தப் பாஸ்கரர், தம் பீஜகணிதத்தில் இரண்டாவது விடையை நேருக்கு நேர் சந்தித்தார். குறை எண்ணின் மேல் புள்ளி இட்டு எழுதிய அவர், மிகை எண்ணுக்கு மிகை, குறை என இரு வர்க்கமூலங்கள் உண்டு என்பதைத் தெளிவாகச் சொன்னவர். ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் சோலையில் விளையாட, எஞ்சிய 12 குரங்குகள் மலையில் கூச்சலிடுகின்றன என்ற கணக்குக்கு 48, 16 ஆகிய இரு விடைகளையும் அவர் ஏற்றார். அடுத்த கணக்கில், கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைத்து வர்க்கமாக்கிய அளவு குரங்குகள் குகைக்குள் செல்ல, ஒன்று மட்டும் கிளையில் காணப்படுகிறது. விடைகள் 50, 5. ஐந்தை ஏற்றால், ஐந்தில் ஒரு பங்கான ஒன்றிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும். குறை இரண்டு வருகிறது. அதன் வர்க்கம் நான்கு குகையில், ஒன்று கிளையில், ஆக ஐந்து என்று கணக்கு பிசகின்றி முடிந்தபோதும், தனித்து நிற்கும் குறை எண்ணை உலகோர் ஒப்புவதில்லை என்று கூறி அவர் ஐந்தைத் தள்ளிவிட்டார். கணக்கு தவறென்று அவர் எங்கும் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பாக்தாத்தில் வழி வேறாக இருந்தது. கலீபா அல்-மஃமூன் ஆட்சியில் அங்கு வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, இந்திய வானியலின் அடிப்படையில் அட்டவணைகள் தொகுத்தவர். எனினும் 820ஐ ஒட்டி எழுதிய தம் இயற்கணித நூலில் கடன் எண்களுக்கு இடம் தரவில்லை. அதன் விளைவாகச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரிக்க நேர்ந்தது. வர்க்கத்தோடு தெரியாத எண்ணின் பத்து மடங்கு சேர்ந்து 39 ஆகும் என்ற புகழ்பெற்ற கணக்குக்கு, சதுரத்தின் இரு பக்கமும் ஐந்து அகலச் செவ்வகங்களை ஒட்டி, மூலையில் 25ஐ நிரப்பி, 64இன் மூலமான 8இலிருந்து 5ஐக் கழித்து 3 என விடை கண்டார். குறை 13 பேசப்படவே இல்லை. வர்க்கத்தோடு 21 சேர்ந்து பத்து மடங்குக்குச் சமமாகும் கணக்கில் 3, 7 என இரண்டும் மிகையாக வந்ததால் இரண்டையும் தந்தார்.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் என்ன செய்வது என்பது இதனினும் கடினமான கேள்வி. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850ஐ ஒட்டி, கன்னட நாட்டில் கணிதசாரசங்கிரகம் இயற்றிய மகாவீரர், குறை எண் இயல்பாகவே எதனுடைய வர்க்கமும் அன்று, ஆகவே அதற்கு மூலம் இல்லை என்றார். இரண்டாம் பாஸ்கரர் கருத்தும் அதுவே. இத்தாலியரான கார்டானோ 1545இல் பத்தை இரண்டாகப் பிரித்து அவற்றின் பெருக்கம் 40 ஆக வேண்டும் என்ற கணக்கை எடுத்து, குறை 15இன் மூலத்தை ஐந்தோடு கூட்டியும் கழித்தும் விடை எழுதினார், அதைப் பயனற்ற நுட்பம் என்று அவரே ஒதுக்கியபோதிலும், மூலம் இல்லை என்று நிறுத்திக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவிலும் குறை எண்கள் நெடுங்காலம் வாசலிலேயே நின்றன. எழுத்துகளைக் கொண்டு இயற்கணிதம் எழுதும் இன்றைய முறைக்கு வடிவம் தந்த தெகார்த்தே 1637இல் குறை விடைகளைப் பொய் மூலங்கள் என்றார். இருபடிச் சமன்பாடுகளையும் குறிகளுக்கேற்ப மூன்று வகைகளாகப் பிரித்துத் தனித்தனியாகவே தீர்த்துக் காட்டினார். கெழுவாக நிற்கும் ஓர் எழுத்து மிகையையும் குறையையும் வேறுபாடின்றிக் குறிக்கலாம் என்ற வழக்கத்தை ஹாலந்து நாட்டு யோஹானஸ் ஹுட்டே 1650களின் இறுதியில் கையாண்டார். ஆறு வகைகளாகவும் மூன்று வகைகளாகவும் பிரிந்து கிடந்த விதிகள் ஒரே வரியில் எழுதப்படுவதற்கு இடம் கிடைத்தது அதன் பிறகே.