கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (கிளென் கூல்ட் இசைத்தட்டு, 1956)

கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட் (1932–1982) கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த முதல் இசைத்தட்டு இது. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்தியன் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ முழுவதும் இதில் இடம்பெற்றுள்ளது. மேற்கத்தியச் செவ்வியல் இசைப் பதிவுகளின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

மூலப் படைப்பு

1741இல் அச்சான இப்படைப்பை, இரு விசைப்பலகைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்காகப் பாக் இயற்றினார். ‘ஏரியா’ என்னும் மெல்லிய இசைப்பகுதியில் தொடங்கி, அதன் அடிநாத வரிசையை ஆதாரமாகக் கொண்டு 30 வேறுபாடுகளை விரித்து, மீண்டும் அதே ஏரியாவில் முடிகிறது. ஒரே விசைப்பலகை கொண்ட பியானோவில் இதை வாசிக்கும்போது இரு கைகளும் அடிக்கடி ஒன்றையொன்று தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். போலந்தில் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா 1933இல் இதை ஹார்ப்சிகார்டில் பதிவு செய்தார். ஆயினும் 1950களின் தொடக்கம்வரை பியானோ கச்சேரிகளில் இது அரிதாகவே ஒலித்தது.

பதிவு

1955 ஜனவரி 11 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் கூல்ட் வாசித்ததைக் கேட்ட கொலம்பியா அதிகாரி டேவிட் ஓப்பன்ஹைம், அவரை உடனே ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், முன்பு தேவாலயமாக இருந்த நியூயார்க் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. கூல்டுக்கு அப்போது வயது 22. தந்தை அமைத்துக் கொடுத்த தாழ்வான மடக்கு நாற்காலியில் அமர்ந்தே வாசித்தார். வாசிக்கும்போது அவர் முணுமுணுக்கும் குரலும் பதிவில் கேட்கிறது. பகுதிகளை இருமுறை வாசிக்குமாறு பாக் குறித்திருந்ததைத் தவிர்த்து, மிக விரைந்த காலத்தில், சுமார் 38 நிமிடங்களில் நிறைவு செய்தார். அந்த வேகத்திலும் ஒவ்வொரு இசையிழையும் தனித்தனியே தெளிவாகக் கேட்பதே இப்பதிவின் பெருஞ்சிறப்பு.

வரவேற்பும் மறுபதிவும்

1956 ஜனவரியில் வெளிவந்ததும் விமர்சகர்கள் வியந்து பாராட்டினர். விற்பனையும் பெருகி, கூல்ட் உலகப் புகழ் பெற்றார். 1964இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்ட அவர், அதன்பின் ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் களமாக்கிக்கொண்டார். 1981இல் அதே கூடத்தில் இப்படைப்பை மீண்டும் பதிவு செய்தார். டிஜிட்டல் முறையில் அமைந்த அப்பதிவு நிதானமானது. சுமார் 51 நிமிடங்கள் நீள்வது. அது 1982இல் வெளியான சில நாட்களில், அக்டோபர் 4 அன்று, கூல்ட் காலமானார்.

1983இல் முதல் பதிவு கிராமி புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. பாக்கின் இப்படைப்பைப் பியானோ கலைஞர்களின் நிலையான உருப்படியாக்கிய பெருமை பெரிதும் இந்த இசைத்தட்டையே சேரும்.