வடசென்னையின் ஆங்கிலக் குத்துச்சண்டை

இங்கிலாந்தில் 1743-இல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளும், 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளும் வெறுங்கைச் சண்டையை விளையாட்டாக்கின. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, இடையே ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழப் பத்து விநாடி ஆகியவை குவீன்ஸ்பெரி விதிகளில் அடங்கும்.

ஆங்கிலேயர் வழியே சென்னைக்கு வந்த இக்கலை, வடசென்னையின் துறைமுக, ஆலைத் தொழிலாளரிடமும் மீனவரிடமும் வேரூன்றியது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரைகள் உருவாயின. இவை இரத்த உறவால் மட்டும் அமைந்தவை அல்ல; ஒரு வாத்தியாரிடம் கற்றவர்கள் அனைவரும் அந்தப் பரம்பரையினரே. சாதியால் ஒதுக்கப்பட்ட இளைஞன் தன் பெயர் சொல்லி ஊரே ஆர்ப்பரிப்பதைக் கேட்டது மேடையில்தான். இவ்வரலாற்றின் மிகப் பெரிய சிறப்பு அதுவே. சார்பட்டா வீரர் கித்தேரி முத்து வெள்ளைக்கார வீரர்களோடும் மோதிப் புகழ்பெற்றார்.

சென்னையில் சாதி ஒதுக்கியதைப் போல, இக்கலை வந்த பிரிட்டனில் நிறத்தடை இருந்தது. கறுப்பினத்தவர் பிரிட்டிஷ் பட்டத்துக்குப் போட்டியிட 1948 வரை அனுமதி இல்லை. அத்தடை நீங்கிய பின், கயானாவிலிருந்து வந்தவரின் மகனான ராண்டால்ஃப் டர்பின், 1951 ஜூலையில் லண்டனில் சுகர் ரே ராபின்சனை வென்று உலகப் பட்டம் பெற்றார்.

முகமது அலி 1980-இல் சென்னை வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். பின்னர் பரம்பரைப் போட்டிகள் மங்கின. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் 2021-இல் அந்த உலகைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது.