வகுப்பறைக் கருவிகளும் வகுப்பறை மொழியும்

இந்தியப் பள்ளிகளில் புதிய தொழில்நுட்பம் மெல்லவே காலூன்றியது. மின்வசதிக் குறைவு, பொருள் நெருக்கடி, ஆசிரியர்தம் தயக்கம் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவது வழக்கம். இவற்றோடு, வகுப்பறைக்குள் வந்த கருவி எம்மொழியில் பேசிற்று என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1961இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தில்லி மேல்நிலைப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பு தொடங்கப்பெற்றது. எல்லை ஒரு நகரமே ஆதலின், பல மொழியினர்க்கு ஒருங்கே பாடம் அனுப்பும் சிக்கல் அப்போது எழவில்லை.

அச்சிக்கல் 'சைட்' எனப்படும் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் வெளிப்பட்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் வழியாக, ஆறு மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. மொழிகள் இந்தி, ஒடியா, கன்னடம், தெலுங்கு என நான்கு. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள மாணவர்க்கான காலை ஒளிபரப்பு ஒன்றரை மணி நேரம். அது நான்காகப் பகுக்கப்பட்டமையால் ஒரு மொழிக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடமே.

அந்நேரத்திலும் ஒலித்தது குழந்தையின் மொழிதானா என்பது அடுத்த வினா. இந்தி நிகழ்ச்சிகளைப் பெற்ற ராய்ப்பூர்ப் பகுதியில் வீட்டுமொழி பெரும்பாலும் சத்தீசுகரி. பீகாரின் வடபகுதியில் மைதிலி, போச்புரி முதலியன. பாடநூலின் தொடர் ஒன்று விளங்காதவிடத்து ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, குழந்தைகளின் பேச்சில் விளக்க இயலும். ஒளிபரப்போ எவருக்காகவும் நிற்பதில்லை. ஆசிரியர் நெடுங்காலமாகச் செய்துவந்த மொழிபெயர்ப்புப் பணிக்குக் கருவி இடமளிக்கவில்லை. தயக்கம் என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி இவ்விடமின்மையின் விளைவு எனலாம்.

பின்னர் இன்சாட் வழிக் கல்வி ஒளிபரப்பு இந்தி, ஒடியா, தெலுங்கு, மராத்தி, குசராத்தி என ஐந்து மொழிகளில் அமைந்தது. ஏனைய மொழியினர் அவ்வரிசைக்கு வெளியே நின்றனர்.

கணிப்பொறியின் வரவில் இடைவெளி மேலும் விரிந்தது. 1984இல் தொடங்கப்பட்ட 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரித்தானியத் தயாரிப்பான பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வழங்கப்பெற்றன. விசைப்பலகை உரோமன் எழுத்துடையது. 'பேசிக்' மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். தாய்மொழிவழி பயிலும் மாணவன் கருவியைக் கற்கும் முன் அதன் மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. இந்திய எழுத்துகளைக் கணிப்பொறியில் கையாளும் ஆய்வு கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அக்காலத்திலேயே நடைபெற்றது. குறியீட்டு முன்வரைவுகளும் இருந்தன. எனினும் 'இஸ்கி' குறியீடு 1991இல்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாக வெளிவந்தது.

மேற்கூறியவற்றால் ஒன்று பெறப்படும். கருவியை வாங்கி அனுப்புதல் ஓராண்டில் முடியும். அதற்குரிய கலைச்சொல், எழுத்துக் குறியீடு, வட்டார வழக்கறிந்த மொழிபெயர்ப்பு ஆகியன அவ்வாறு விரைவில் அமைவதில்லை. இப்பணிகள் திட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும்வரை, தாமதத்தின் பழி ஆசிரியர்மீதே விழும். அதன் இழப்போ வீட்டுமொழி திரைக்கு எட்டாத குழந்தையைச் சேரும்.