பின் எண் முதல் ஓடிபி வரை: வங்கி அட்டைப் பூட்டின் வரலாறு

வங்கி அட்டைக்கான பூட்டு, கையில் உள்ள அட்டையையும் மனத்தில் உள்ள ரகசிய எண்ணான பின் எண்ணையும் சேர்த்துக் கேட்பதில் பிறந்தது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெலோ இம்முறைக்கு 1966 மே 2 அன்று காப்புரிமை கோரினார். ஆளில்லாத இயந்திரம் பணம் தர வேண்டுமானால், வந்திருப்பவர் கணக்குக்கு உரியவர்தானா என்று அதுவே கண்டறிய வேண்டும். அட்டையைத் திருடியவருக்கு எண் தெரியாது. எண்ணை ஒட்டுக்கேட்டவரிடம் அட்டை இருக்காது.

1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி பண இயந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் 1925இல் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்க எண் வைக்க எண்ணியிருந்த அவரிடம், நான்கு இலக்கம்தான் தன் நினைவில் நிற்கும் என்று சமையலறை மேசையில் அமர்ந்திருந்த மனைவி கரோலின் சொன்னார். நான்கே இலக்கத்தில் அமைவன 10,000 எண்கள்தான். ஆனாலும் சில முறை தவறாக அழுத்தினாலே அட்டை முடக்கப்படுவதால், திருடர் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வழியில்லை.

அட்டையின் முதுகில் உள்ள கறுப்புக் காந்தப் பட்டை 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரியின் வேலை. பசை வைத்து ஒட்டியபோதெல்லாம் பட்டை கெட்டது. துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். பட்டை பிளாஸ்டிக்கில் பதிந்தது. அதன் குறை பின்னர் தெரிந்தது. பட்டையில் எழுதியிருப்பது என்றும் மாறாது. ஏடிஎம் வாயில் போலிக் கருவி பொருத்தி அதைப் படித்து, பின் எண்ணைச் சிறு கேமராவில் பிடித்தால், வெற்று அட்டையில் நகல் எடுத்துவிடலாம்.

மாற்று பிரான்சிலிருந்து வந்தது. 1974இல் ரோலான் மொரேனோ நினைவகச் சிப் பதித்த அட்டைக்குக் காப்புரிமை கோரினார். 1992க்குள் பிரெஞ்சு வங்கி அட்டைகளில் சிப் பொதுவாகிவிட்டது. இன்றைய சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டை உருவாக்குகிறது. ஒருமுறை பயன்பட்ட குறியீட்டைத் திருடி அடுத்த முறை பணம் எடுக்க முடியாது.

இந்தியாவின் முதல் ஏடிஎம்மை 1987இல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கி வைத்தது. அட்டையைக் காட்டாமலே இணையத்தில் பொருள் வாங்கும் வழக்கம் பரவியபோது, 2009 ஆகஸ்ட் முதல் அதற்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. காந்தப் பட்டை மட்டும் உள்ள அட்டைகளைச் சிப் அட்டைகளாக மாற்ற 2018 டிசம்பர் 31 வரை கெடு விதிக்கப்பட்டது. இணையம், வெளிநாடு, தொடாமல் செலுத்துதல் ஆகியவற்றை வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் 2020 அக்டோபரில் வசதி வந்தது.

கூடுதல் சரிபார்ப்புக்குச் செல்போனில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி வழக்கமானபோது, செல்போனே கணக்கின் இரண்டாவது சாவியாகிவிட்டது. பூட்டிய போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், ஓடிபி அங்கே போய்ச் சேரும். இதைத் தடுப்பது சிம்முக்கென வைக்கும் தனி பின் எண். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க, செல்போன் நிறுவனம் தரும் பியூகே எண் வேண்டும். எனினும் இதைப் பலரும் இயக்குவதில்லை. போனுக்கோ 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. *#06# அழுத்தினால் திரையில் தெரியும். திருடுபோன போனை அந்த எண்ணைக் கொண்டு இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் முடக்க, 2023 மே மாதம் அரசின் சஞ்சார் சாத்தி தளம் நாடு முழுவதற்கும் வந்தது.

பூட்டு உடைந்தபின் விரைவே காப்பு. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. பின் எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது.

ஆகவே பின் எண்ணை அட்டையோடு பர்ஸில் எழுதி வைக்காதீர்கள். சிம்முக்குப் பூட்டு போடுங்கள். ஐஎம்இஐ எண்ணை வீட்டில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பணம் பறிபோனால் உடனே வங்கியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.