மூன்று சொட்டு நேர்வாள எண்ணெய்

குறுந்தொகை வகுப்பில் 'பசலை'யை விளக்கிக்கொண்டிருந்தேன். தலைவனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் வெளிறிய நிறம் அது. சங்கக் கவிதையில் அந்த வெளிறல் நோய். மாந்தளிர் நிற 'மாமை'தான் அழகு. கரிய பெண்ணை 'மாயோள்' என்று வியந்த மொழி நம்முடையது.

முன்வரிசை மாணவி ஒருத்தி துப்பட்டாவால் கன்னத்தை மறைத்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தவங்க நெறங் கம்மின்னுட்டாங்க மேம். பவுன் கூடக் கேக்கறாங்க. அதுக்கு இது செலவு கம்மின்னு அம்மா பீலிங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க." உரித்த இடம் வெளுக்கவில்லை. முன்னைவிடக் கறுத்துத் திட்டாகியிருந்தது.

அவள் கன்னத்துக்கு வந்த அந்த அமிலத்தின் வழியைத் தேடிப் படித்தேன். 1882இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலம், பீனால் போன்றவை தோலை உரிக்கும் விதத்தை விவரித்தார். அதை அழகுத் தொழிலாக்கியவர்களில் பலர் மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள். பிரெஞ்சு மருத்துவரின் மகளான ஆன்டோனெட் லா காஸ், தந்தையின் பீனால் முறையை லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுபோனார். இப்படிப்பட்டவர்கள் தங்கள் கலவையை ரகசியமாகக் காத்தனர்; மருத்துவர்கள் அவர்களைப் போலிகள் என்றனர். அவர்களால் தழும்பேறிய முகங்களும் இருந்தன. ஆனால் 1960களில் அதே முறை அறுவை மருத்துவர்களின் பெயரில் பாடநூலுக்குள் வந்தது. பேக்கர், கார்டன் இருவர் பெயரால் நிலைத்த சூத்திரத்தில் பீனால், தண்ணீர், திரவ சோப்பு இவற்றோடு மூன்று சொட்டு குரோட்டன் எண்ணெயும் உண்டு.

குரோட்டன் வேறொன்றுமில்லை, நம் நேர்வாளம். சித்த மருத்துவத்தில் பேதிக்குத் தருவது. சுத்தி செய்யாத விதையை மருந்தில் சேர்க்க மாட்டார்கள். பல பத்தாண்டுகளாக பீனால்தான் உரிக்கிறது என்று நம்பினார்கள். அந்த மூன்று சொட்டுதான் காயத்தின் ஆழத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று 2000இல் கிரிகரி ஹெட்டர் காட்டினார்.

இந்த ஆழமான உரிப்பு வெள்ளைத் தோலை வைத்து வளர்ந்தது. நம் தோல் காயப்பட்டால் அதிக மெலனினைச் சுரந்து கறுக்கும். இன்று தோல் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல் வகைப்பாடு 1975இல் உருவானபோது அதில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகள் மட்டுமே இருந்தன. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டவை. அதே 1975இல்தான் இந்துஸ்தான் லீவர் இங்கே 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. 2009இல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் எழுந்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது.

கரும்பில் இருக்கும் கிளைகாலிக் அமிலம், புளித்த பாலில் இருக்கும் லாக்டிக் அமிலம் போன்ற மென்மையானவற்றை, பருத் தழும்புக்கும் மங்குக்கும் தோல் மருத்துவர்கள் அளந்து பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் இந்த மென்மையான அமிலங்கள் எதுவும் பிறவி நிறத்தை மாற்றாது. மேலடுக்கு உதிர்ந்தால் அடியிலிருந்து அதே நிறம்தான் வளரும். அவளிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சக்காட்டு வெயிலில் களையெடுத்துக் கறுத்தவர் அவள் அம்மா. நாடே பூசிக் குளிக்கும் மஞ்சளை விளைவித்த வீட்டில், நிறத்துக்குத் தனியாகப் பவுன் கணக்கு.

அம்மா என்னை ஃபோனில் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், இது போயிருமுங்களா?" நல்ல தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் மெல்ல மங்கும் என்றேன். "அதுவரைக்கும் ஜாதகத்த வெளிய குடுக்க முடியாதுங்களே" என்று வருந்தினார்.

அந்த மாதங்களில் அவள் எம்.ஏ. தேர்வை எழுதி முடித்தாள்.