வெயிலுக்கு ஜில்லுனு ஒரு லெமன் ஜூஸ்... கசக்காம போடுறது எப்படி?

கத்திரி வெயில்ல வெளியே சுத்திட்டு வீட்டுக்குள்ள வந்ததும் கை தானா ஃப்ரிட்ஜ்ல இருக்கிற கூல்டிரிங்ஸைத் தேடுதா? அஞ்சே நிமிஷம் ஒதுக்குங்க, எலுமிச்சை ஜூஸ் ரெடி. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. அதனால், ஜூஸில் ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் நல்லது.

பழம் எப்படி இருக்கணும்?

எலுமிச்சை சந்தைக்குப் பேர்போன புளியங்குடியில் இருந்து வந்த பழமோ, தெருமுனைக் கடைப் பழமோ... தோல் மெல்லிசா, மஞ்சளா, கையில் எடுத்தால் கனமா இருக்கணும். வெட்டுவதற்கு முன் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்க. சாறு நிறைய வரும்.

பேஸிக் ஜூஸ்

இரண்டு டம்ளருக்கு ஒரு பெரிய பழம், 5 டீஸ்பூன் சர்க்கரை, 2 சிட்டிகை உப்பு போதும். ஐஸ் தண்ணீரில் சர்க்கரை சீக்கிரம் கரையாது. எனவே, சாதாரண தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துவிட்டு, கடைசியாகச் சாறும் ஐஸும் சேருங்கள்.

ஜூஸ் கசக்குதா? தோலை ஒட்டப் பிழிஞ்சிருப்பீங்க, இல்லைன்னா விதையோட மிக்ஸியில் அடிச்சிருப்பீங்க. விதையை வடிகட்டி, போட்ட உடனே குடிச்சிடுங்க.

அஞ்சு வெரைட்டி

இஞ்சி - புதினா: ஒரு சின்னத் துண்டு இஞ்சி, பத்து புதினா இலையை நசுக்கி, பேஸிக் ஜூஸில் போட்டு வடிகட்டுங்கள்.

நன்னாரி லெமன்: சர்க்கரைக்குப் பதிலாக டம்ளருக்கு 2 டேபிள்ஸ்பூன் நன்னாரி சர்பத்.

குலுக்கி சர்பத்: கேரளா ஸ்டைல். ஊறிய சப்ஜா விதை, கீறிய பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஐஸ் எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் நல்லா குலுக்குங்க.

ஷிகஞ்சி: வட இந்திய ஸ்பெஷல். வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை.

உப்பு சோடா: சர்க்கரையே வேண்டாம். சாறு, உப்பு, சோடா அவ்வளவுதான்.

இதையும் கவனிங்க

சப்ஜா விதையை 15 நிமிஷமாவது தண்ணீரில் ஊறவிடுங்க. காய்ந்த விதையை அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம்.

அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் கலக்காதீங்க. புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் நல்லது.

ஐஸ்கட்டியை காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே போடுங்க.

புளிப்பு, பல் எனாமலையும் பதம் பார்க்கும். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்.

சுகர் இருப்பவர்கள் சர்க்கரையையும் நன்னாரி சர்பத்தையும் தவிர்க்கலாம். பி.பி இருப்பவர்கள் உப்பைக் குறைக்கலாம். அல்சர் இருந்தால் வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஜூஸ் மருந்து இல்லை!

வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் லெமன் ஜூஸை நம்பி உட்காராதீங்க, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்குங்க. அவசரத்துக்குக் கிடைக்கலையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள்.

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, உடம்பு கொதித்து உளறினாலோ, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே இருங்க.