மலையகம் படித்த கதை – 14
லயத்துக்கு வந்த வந்தியத்தேவன்

'பொன்னியின் செல்வ'னை ஊவா மலையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது. வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறான். தம்புள்ளையும் அநுராதபுரமும் கதைக்குள் வந்துவிடுகின்றன. அட, நம்ம நாட்டுக்கே வந்துட்டானே! ஆனால் எத்தனை அத்தியாயம் புரட்டினாலும் அவன் பதுளைப் பக்கம் மட்டும் வரவே மாட்டான். கல்கியைக் குறை சொல்ல முடியாது. சோழர் காலத்தில் இங்கே தேயிலை ஏது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஏது? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல்தான்.

இந்தச் சுகமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் படிப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. பத்து வயதோடு சட்டமும் கையைக் கழுவிக்கொண்டது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அதற்குமேல் படிக்கப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். போக முடியாத பிள்ளைகள் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து மலைக்குப் போனார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டால் நாவலை எங்கே தொடுவது?

அதனால் தோட்டத்தில் கதையே இல்லாமல் போய்விடவில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இரவெல்லாம் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு அவை மனப்பாடம். ஒரு கதையை விடிய விடியக் கேட்கும் பொறுமை லயத்தில் எப்போதும் இருந்தது; புத்தகம்தான் எட்டவில்லை. அச்சடித்த கதை, நகரப் பள்ளிக்குப் போய்வந்த ஒருசிலரின் பைக்குள் ஒளிந்து வந்தது. கல்கி, அகிலன், மு.வ., பிறகு சாண்டில்யன். எல்லாம் காவிரிக்கரை, கடல், அரண்மனை. கொழுந்துக் கூடை எதிலும் இல்லை.

அப்படிப் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தோட்டப் பள்ளி ஆசிரியர். கும்பகோணத்தில் மூன்று வருடம் படித்துத் திரும்பிவந்து, பதுளை சென் பீட்ஸ் கல்லூரியில் தொடர்ந்தார். காவிரிக்கரையைக் கதையில் படித்ததோடு நிற்காமல் கண்ணாலும் பார்த்துவிட்ட பையன்! ஆனால் எழுத உட்கார்ந்தபோது சோழநாட்டை எழுதவில்லை, லயத்தை எழுதினார். வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். எனக்கு அவருடைய கதைகளைவிடவும் பெரிதாகத் தெரிவது இந்தத் தேர்வுதான்.

அவருக்கு முன்னும் தோட்டத்தை எழுதியவர்கள் உண்டு. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் நந்தியின் 'மலைக்கொழுந்து'ம் 1964இல் வெளிவந்தன. ஆனால் மலையகத்து நாவல் மலிவாகவும் பரவலாகவும் கைக்கு வர 1970கள் ஆயின. தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. தொடர்கதைக்குப் பழகிய வாசகர் கை வறண்டது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் அடுத்தடுத்து வந்தன. ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' அவற்றில் ஒன்றாக 1974இல் வந்தது. எங்கள் லயம் எங்களுக்கே அச்சில் கிடைத்த காலம் அது.

காலம்தான் கொடுமையாக வாய்த்தது. 1973, 74 தோட்டங்களில் பஞ்சக் காலம். மாவுக்கு வரிசையில் நின்ற வீட்டில் நாவலுக்குக் காசு கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? இன்னொரு பக்கம், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் அடுத்த தவணைக்கு வரமாட்டான். தன் லயத்தைப் பற்றிய நாவல் கைக்கு வந்த நேரத்தில், படிக்க வேண்டியவன் தகரப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன், வைகறை வெளியீடாக ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பை 1979இல் கொண்டுவந்தார். சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' 1981இல் நூலானது. இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கப்பலேறியவர்களின் தகரப்பெட்டிகளில் ஏதாவது ஒரு நாவலும் கடல் தாண்டியிருக்கும். அப்படிப் போய்க் குடியேறிக் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெயரும் வகுப்பும் எழுதிய பழைய வீரகேசரிப் பிரசுரம் ஏதும் அகப்பட்டால், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.